சிஸ்டர் வண்டிக்குக் காய்ச்சல்

முப்பத்தொரு வருடம் ஐ.சி.யூ.வில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற சிஸ்டர், முதல் வாரத்தை வாஷிங் மெஷின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தே கழித்தார். மிச்சமிருக்கும் நிமிடங்களை அதில் ஒரு சின்ன எண் காட்டும். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவருக்கு மனசு ஒரு நிலையில் நின்றது. இங்கே துணி துவைக்கிறார்களா, துணிக்கு ஆபரேஷன் நடக்கிறதா என்று வேறு யாராயிருந்தாலும் கேட்டிருப்பார்கள். வீட்டுக்காரர் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிற ரகம் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்கிற ரகம்.

தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் சிஸ்டர் என்றார்கள். கட்டின புருஷனும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார். பெண் பார்க்கப் போன அன்று வாய்தவறி வந்த வார்த்தை, அப்படியே நிலைத்துவிட்டது. அதில் கோளாறு ஏதும் இருப்பதாக இருவருக்கும் இன்றுவரை தோன்றியதில்லை.

வேலையில் சிஸ்டர் கெட்டிக்காரர். எட்டுப் படுக்கை, எட்டுத் திரை. நாடித்துடிப்பு, மூச்சு, பிரஷர் எல்லாம் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், கால் மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுவார். அலாரம் அடித்தால் மட்டும் அவர் கண் முதலில் திரைக்குப் போகாது, படுத்திருக்கிற ஆளிடம் போகும். பாதி நேரம் ஆளுக்கு ஒன்றும் இருக்காது. நெஞ்சில் ஒட்டிய லீட் கழன்றிருக்கும், அதாவது உடம்பிலிருந்து மெஷினுக்குப் போகிற ஒயர். மெஷினுக்கு அது தெரியாது, ஆள் போய்விட்டார் என்று ஊரைக் கூட்டும்.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஐ.சி.யூ. நோட்டில் பிழைத்தவர்களுக்கு எழுதும் கடைசி வரி, ‘வார்டுக்கு மாற்றப்பட்டார்.’ கட்டிலைத் தள்ளிக்கொண்டு கதவைத் தாண்டுவார்கள், கதவு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த ஆள் நடந்தாரா, சிரித்தாரா, வீட்டுக்குப் போனாரா, ஒரு சேதியும் வராது. முப்பத்தொரு வருடத்தில் ஒருத்தர்கூட வீடு போய்ச் சேர்ந்ததை சிஸ்டர் கண்ணால் பார்த்ததில்லை.

அதனால்தான் ஓய்வுப் பணத்தில் ஒரு பழைய காரை வாங்கினார். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் திட்டம். லைசென்ஸ் எடுத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது, ஓட்டியது மொத்தம் பத்து நாள் இருக்கும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் மேசையைக் கட்டி ஆள்கிற அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை உண்டு. நம்பகமான வண்டிக்காரர்களின் போன் நம்பர் அதில் இருக்கும், குடும்பத்தினர் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பலகையில் ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, முதலில் ஓட்டிப் பழகுங்கள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரருக்கு டி.வி., ரேடியோ ரிப்பேர் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவர் கார் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். வெளியே வந்தபோது டாஷ்போர்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரையும், அதன் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருந்தன. எஞ்சினுக்குள் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். எவ்வளவு சூடு, எத்தனை சுற்று, எவ்வளவு பாரம், எல்லாம் அதற்குத் தெரியுமாம். கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. சாட்சாத் இவரேதான் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். இந்தச் சோப்புப் பெட்டி அதை நொடிக்கு ஒருமுறை கேட்டுத் திரையில் போடும், கடையில் இருக்கும் அவருடைய கம்ப்யூட்டருக்கும் அனுப்பும்.

திரை எரிந்தது. எண்கள் ஓடின. சிஸ்டரின் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்த எந்தப் புடவைக்கும் இந்தச் சந்தோஷம் வந்ததில்லை. ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார்: அலாரம் மட்டும் ஐ.சி.யூ. மானிட்டர் மாதிரி அடிக்க வேண்டும், வேறு சத்தம் எதற்கும் தன் காது அசையாது. வீட்டுக்காரர் அப்படியே செய்து கொடுத்தார்.

அன்றிலிருந்து கார் நோயாளி ஆயிற்று. எஞ்சினைக் குளிரவைக்கிற கூலண்டின் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று சிஸ்டர் கால் மணிக்கு ஒருமுறை ஓரங்கட்டி நோட்டில் எழுதினார். கடைத்தெருவுக்குப் போய் வருவதற்கே நாலு பக்கம் ஆனது. எஞ்சின் தொண்ணூற்றெட்டில் நிற்கும்போது மனிதர்களுக்கு இருக்க வேண்டிய அதே சூடு என்று முகம் மலரும். ஒருநாள் சிக்னலில் நூற்றொன்று காட்டியது. சிஸ்டர் வண்டியை ஓரங்கட்டினார், கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்தார், பிழிந்தார், பானட்டின் நெற்றியில் விரித்துப் போட்டார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின.

இவர் காய்ச்சலுக்கு எடுக்கிற கணக்கு ஃபாரன்ஹீட், வண்டியின் கணக்கு செல்சியஸ். நூற்றொன்றெல்லாம் எஞ்சினுக்குச் சாதாரணம். அது சிஸ்டருக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டியபோது மெக்கானிக் பதினாலு பக்க நோட்டையும் புரட்டிப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வந்ததற்கு ஒரு பழைய ஹோஸை மட்டும் மாற்றிக் கொடுத்தார். போகும்போது, “வண்டி நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், நீங்கதான் அதைப் படுக்க வைக்கிறீங்க,” என்றார். சிஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஈரக் கைக்குட்டை வண்டியிலேயே ஒரு டப்பாவில் இருந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் டிஸ்சார்ஜ் மேசையம்மா போன் செய்தார். மலைக்கு அந்தப் பக்கம் வீடு, இரண்டு மணி நேரப் பயணம், பேசி வைத்த வண்டி கைவிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் கூப்பிடுகிறார் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. “இவர் நல்லபடியா வீடு போய்ச் சேரணும். அவர் வீட்டம்மா ஒரு வார்த்தை நல்லதா சொல்லணும். சொன்னா உங்க நம்பர் பலகையில ஏறும். நடுவழியில வண்டி நின்னா அதோட மறந்துடுங்க,” என்றார்.

வார்டு வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாம் படுக்கை. தன் கடைசி மாதங்களில் நாற்பத்தொரு நாள் பார்த்துக்கொண்ட ஆள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் என்று நோட்டில் இருந்தது. அந்த உடம்பின் எண்கள் அத்தனையும் சிஸ்டருக்கு அத்துப்படி, ஆனால் திறந்த கண்ணோடு அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவருக்கு சிஸ்டரைத் தெரிய வழியே இல்லை. அவர் மனைவிக்கும் தெரியாது. ஐ.சி.யூ.வில் எல்லோரும் தொப்பியும் மாஸ்க்குமாகத்தான் இருப்பார்கள். ஐந்து நிமிடம் உள்ளே விட்டால் அந்த அம்மா புருஷன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

சொல்லிவிடலாமா என்று சிஸ்டரின் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார். சொன்னால் நன்றிக்காக நல்ல வார்த்தை சொல்வார்கள். அப்படி ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு பலகையில் ஏற அவருக்கு இஷ்டமில்லை. இன்றைக்கு நான் டிரைவர், ஓட்டியே ஏறுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இந்த ரோஷம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது.

பெயர்ப்பலகைக்காரரின் மனைவி காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பக்கவாட்டில் நெளிசல், கதவில் பெயிண்ட் உரிந்திருந்தது, உள்ளே எட்டிப் பார்த்தால் ஒயரும் திரையும். இது அவ்வளவு தூரம் ஓடுமா என்று கேட்டார். எல்லா எண்ணும் சீராக இருக்கிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சிஸ்டர் பழக்கதோஷத்தில் ஐ.சி.யூ. வாசலில் சொல்கிற தொனியிலேயே சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் முகம் இன்னும் வாடியது.

பலகைக்காரரை முன்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள், மனைவி பின்சீட்டில் பையும் மருந்துமாக உட்கார்ந்தார். வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதுமே பலகைக்காரர் உயிர்பெற்றுவிட்டார். ஐந்து மாதமாகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது வழியில் ஒரு கடையை விடாமல் பலகை வாசித்தார். இந்த எழுத்துக்குக் கால் நொண்டி, அதற்கு வயிறு பெருத்துவிட்டது, அந்தச் சிவப்பு இரண்டு மழைக்குத் தாங்காது. சிஸ்டர் ரசித்துச் சிரித்தார். ஆனால் பலகைக்காரர் டாஷ்போர்டுத் திரையை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எண் ஓடுகிற திரை என்றாலே அவருக்கு இப்போது ஆகாது என்று பின்னாலிருந்து மனைவி மெதுவாகச் சொன்னார்.

மலை ஏறத் தொடங்கியது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு. ஏழாவது வளைவு தாண்டி வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. அலாரம் அடித்தது. மூன்று தடவை அடிக்கிற அதே ஐ.சி.யூ. மணி. முன்னால் எஞ்சின் ஃபேன் பேய்பிடித்ததுபோல் சுற்ற ஆரம்பித்தது.

பலகையும் போயிற்று, நம்பரும் போயிற்று என்று சிஸ்டர் ஒரு கணம் நினைத்தார். வண்டியை ஓரமாக நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தார். அதற்குள் அவர் கண் தானாகப் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டது. பலகைக்காரர் சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை, நெற்றி வியர்த்திருந்தது. சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி வேகம்தான், ஆனால் ஒழுங்கான வேகம். உதட்டில் நிறம் இருந்தது, மூச்சும் சரியாக இருந்தது. பயம், வேறொன்றுமில்லை. பின்னாலிருந்து அந்த அம்மா, நான் அப்பவே நினைச்சேன், நடுவழியில நிறுத்திட்டீங்களே என்று அழாத குறையாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் சிஸ்டர் திரையைப் பார்த்தார். கூலண்ட் சூடு: மைனஸ் நாற்பது.

போன் அடித்தது. வீட்டுக்காரர். முப்பது வருடத்தில் அவராகக் கூப்பிட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவை.

“மைனஸ் நாப்பது,” என்றார்.

“பாத்தேங்க.”

“எங்க இருக்க?”

“மலையிலதான் இருக்கேன். துருவத்துக்கெல்லாம் போகல. வைங்க போனை.”

சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெயில் சுள்ளென்று அடிக்கிற மலைப்பாதையில் எந்த எஞ்சினுக்கும் மைனஸ் நாற்பது வராது. திரையின் சூட்டுக் கணக்கு மைனஸ் நாற்பதில்தான் தொடங்குகிறது, தகவலே வராவிட்டால் அடிமட்டத்தைக் காட்டும் என்று வீட்டுக்காரர் என்றோ சொன்னது ஞாபகம் வந்தது. சூடு எவ்வளவு என்று தெரியாமல் எஞ்சின் பயந்துபோய் ஃபேனை முழுவேகத்தில் ஓட விட்டிருக்கிறது. இந்த மாதிரி கேஸை அவர் எத்தனை ஆயிரம் பார்த்திருப்பார்!

வண்டியை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்தார். ஆவி இல்லை, கசிவு இல்லை, கருகல் வாசனை இல்லை. மெக்கானிக் மாற்றிய ஹோஸுக்குப் பக்கத்தில் சூடு பார்க்கும் சென்சாரின் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிற நேரத்தில் அதைச் சரியாக அழுத்தியிருக்கலாம் மனுஷன். சிஸ்டர் டப்பாவைத் திறந்து அந்த ஈரக் கைக்குட்டையை எடுத்தார். அதைச் சுற்றிக்கொண்டால் கை சுடவில்லை. பிளக்கை டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினார். கைப்பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்து, ஊசி போட்ட கையில் டியூபை ஒட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். கடைசியில் எஞ்சினைத் தட்டிக் கொடுத்தார்.

“ஒண்ணும் இல்லப்பா. லீட் கழண்டிருக்கு, அவ்வளவுதான். நீ நல்லாத்தான் இருக்க.”

கார் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பத்தடி நடக்க முடியாத மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார் பலகைக்காரர்.

“என்னது?”

“இப்ப சொன்னீங்களே, அது.”

சிஸ்டர் சொன்னார்.

“இதுதான்,” என்றார் பலகைக்காரர் மனைவியிடம். “நான் சொன்னேன்ல. இதுதான்.”

விஷயம் இவ்வளவுதான். அந்த நாற்பத்தொரு நாளில் அவருக்கு ஞாபகம் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று மணி. மணி அடித்தால் சரி, நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்வாராம். இன்னொன்று ஒரு குரல். லீட் கழன்றிருக்கிறது, நீ நல்லாத்தான் இருக்க என்று அது சொல்லும், உடனே சரி, சாகவில்லை, ஒயர்தான் கழன்றிருக்கிறது என்று மறுபடி தூங்கிப்போவாராம். வார்டில் மூன்றரை மாதமாக இதை எல்லோரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். மருந்து மயக்கத்தில் வந்த கனவு என்று டாக்டர் சொன்னார். மனைவியும் அப்படித்தான் நினைத்தார்.

“நீங்களா அக்கா?” என்றார் அந்த அம்மா.

“ஏழாம் படுக்கை,” என்றார் சிஸ்டர். “நாப்பத்தொரு நாள்.”

படுத்திருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது, நாம் பாட்டுக்குச் சுவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் முப்பத்தொரு வருடமும் நினைத்திருந்தார். கேட்டிருக்கிறது. சாலையோரத்தில் திறந்த பானட்டுக்கு முன்னால் நின்று சிஸ்டர் அழுதார், அந்த அம்மாவும் அழுதார், பலகைக்காரர் மட்டும் சிரித்தார். அப்புறம் மூன்று பேருமே சிரித்தார்கள். வண்டியைக் கிளப்பியதும் திரையில் தொண்ணூற்றெட்டு வந்து உட்கார்ந்தது. பலகைக்காரர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, எண் நன்றாக இருக்கிறது, எழுத்துதான் மட்டம் என்றார்.

வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. நீலக் கதவு, ஐந்து படி. சிஸ்டர் கீழே காரில் சாய்ந்து நின்று பார்த்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பலகைக்காரர் ஒவ்வொரு படியாக ஏறினார், மூன்றாவதில் நின்று மூச்சு வாங்கினார், ஏறினார். பூட்டைத் திறக்கும்வரை கதவின் நீலத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே போய், திறந்த கதவுக்கு நேரே கிடந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார், தன் பிரஷ்களை யார் இடம் மாற்றியது என்று மனைவியிடம் சண்டைக்குப் போனார். வீடு போய்ச் சேர்வது என்றால் இதுதானா என்று சிஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். இதற்காக இன்னும் முப்பது வருடம் வேலை பார்க்கலாம் போல் இருந்தது.

அந்த அம்மா வாசலில் நின்றபடியே டிஸ்சார்ஜ் மேசைக்குப் போன் போட்டார். வண்டி நடுவில் நின்றதையும் மறைக்கவில்லை. நின்றது, இவரே பிரித்துப் பார்த்துச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு வந்தார், இந்த அக்கா நம்பரை முதல் வரியில் போடுங்கள் என்று கறாராகச் சொன்னார். உள்ளேயிருந்து பலகைக்காரர், சாக்பீஸில் கிறுக்க வேண்டாம், கை கொஞ்சம் தேறட்டும், நானே வந்து பெயிண்டில் எழுதுகிறேன் என்று கத்தினார்.

சிஸ்டர் படியேறிப் போய், பழக்கம் விடாமல், கால் மணி நோட்டைத் திறந்தார். கடைசி வரி எழுத வேண்டும். மூன்று நாற்பது என்று நேரத்தைப் போட்டுவிட்டு, இத்தனை வருடம் எழுதாத அந்த வரியை எப்படி எழுதுவது என்று பேனாவோடு நின்றார். பலகைக்காரர் கையை நீட்டினார். ஐந்து மாதமாக எதையும் பிடிக்காத கை அது. ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி, கடைப்பலகைக்கு எழுதுவதுபோல் தடிமனாக, அடியில் நிழல்கூட வைத்து எழுதினார்: வீடு சேர்ந்தேன்.

திரும்பி வரும் வழியில் நோட்டுப் பக்கத்து சீட்டில் திறந்தே கிடந்தது. மலை இறங்கி ஊர் வரும்வரை சிஸ்டர் ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு அதை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.